காட்டோரப் பாடசாலைகளில் காளான் பாடம்

(மலையடிவாரக் கிராமங்களின் ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காட்டை அடுத்த கிராமங்களில் பாடஞ் சொல்லிவரும் தங்களிடம் காளானைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைப் பணித்திருக்கின்றனர். காளானும் ஒரு விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் நாட்டு வழக்கில் அற்பமானதற்கும் நிலையற்றதற்கும் காளானையே உவமை கூறுகிறோம். திடீரென்று தோன்றி மறையும் கடைகளையும் சங்கங்களையும் மழைக்கு முளைத்த காளான் என்கிறோம். அதன் ஒரு வகைக்கு நாய்க்குடை என்று பெயரிட்டு அதனையும் இழிவுபடுத்திவிட்டோம். பாடசாலைக்கு வரும் வழியில் மழைக்குப் பின் வெண்ணிறமாய் நிற்கும் காளான்களைக் காலால் உதைத்துச் சிதறடிப்பது நம் சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு. அதனைத் தடுத்த பெரியோர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

ஆயினும் இவ்விஷயத்தில் உயிர் சம்பந்தமான ஓர் அம்சம் இருக்கிறது. அதனால் அதனையே முதலில் கூறுகிறேன். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அஸ்ஸாம் மாகாணத்தின் மேற்பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் காட்டுக் காளானைச் சமைத்துண்டதனால் 13 பேர் இறந்தனர். இறந்தவர்களில் ஒரு சிறு குழந்தையும் இருந்தது. அவர்கள் காளானை அறியாதவர்கள் அல்லர். ஆண்டுதோறும் மழைக்குப் பின் பறித்து உண்டு பழகிய ஜனங்களே. பழக்கமே இங்கு பகையாயிற்று. நம் மலையடிவாரங்களிலும் புற்றுக்காளான் பறிக்கும் வழக்கம் இருப்பதால் இதனை அயலூர்ச் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. அதிலும் காளானை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஆடு மேய்க்கும் சிறுவரும் சுள்ளி பொறுக்கும் சிறுமியருமே அல்லவா? அவர்கள் பகற்பொழுதில் ஒரு பகுதியேனும் தங்கள் முன் உட்கார்ந்திருக்கின்றனர்.

உண்ணத்தக்கவை இவை, தகாதவை இவை என்று படம் போட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாகாதா என்று கேட்பார் உண்டு. கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். பத்து வயதுக் குழந்தை படத்தைப் பார்த்துக் காளானை இனங்காண முற்படுவது கிணற்றின் விளிம்பில் நடக்கப் பழகுவது போலாகும். காளானின் நிறமும் பருமனும் அதன் வயதாலும் மழையாலும் வெயிலாலும் மாறுவன. அமானிட்டா என்னும் இனத்தின் சில வகைகள் கொடிய நஞ்சுடையன. அவை இளம்பருவத்தில் வெள்ளை முட்டை போலத் தரையில் கிடக்கும். அப்பருவத்தில் அவற்றைக் கடையில் விற்கும் மொட்டுக்காளானினின்றும் பிரித்தறிதல் கற்றோர்க்கும் எளிதன்று. ஆகையால் குழந்தைகளுக்கு ஒரே விதியைச் சொல்லிவைப்போம். காளானைப் பார்க்கலாம், தொடலாம், முகரலாம், படம் வரையலாம், வாயில் வைக்கலாகாது. பெரியோர் பறித்துக் காட்டியதன்றித் தானே பறித்ததை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகலாகாது. தொட்டதனால் நஞ்சு ஏறாது. எனினும் தொட்ட கையைக் கழுவச் செய்தல் நலம்.

இங்கே ஓர் இடையூறு உண்டு. ஊரில் பெரியோர்கள் வழிவழியாய்ச் சொல்லிவரும் சில சோதனைகள் பொய்யானவை. காளான் வேகும்போது வெள்ளிக்காசைப் போட்டால் நஞ்சாயின் காசு கறுக்கும் என்பர். அரிசியைப் போட்டால் அரிசி நிறம் மாறும் என்பர். புழு அரித்திருந்தாலும் ஆடு கடித்திருந்தாலும் மனிதனும் உண்ணலாம் என்பர். வெண்ணிறமாயின் தீங்கில்லை, பகட்டான நிறமுடையதே நஞ்சு என்றும் கூறுவர். இவற்றில் ஒன்றேனும் மெய்யன்று. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம் கலந்த பொருள்கள். அமானிட்டாவின் நஞ்சுக்கும் வெள்ளிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. அந்நஞ்சைப் புழுவும் நத்தையும் தின்று உயிரோடிருக்கும். உலகில் மிகுதியான மரணங்களுக்குக் காரணமாய் நின்ற காளான் பகட்டில்லாத வெளிர்ப்பச்சை நிறமுடையது; அதன் நெருங்கிய உறவினங்கள் சில பால் போல் வெண்மையானவை. கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு கெடுவதில்லை. இப்பொய்ச் சோதனைகளைக் குழந்தைகளிடம் எடுத்துச் சொல்லும்போது அவர்களுடைய பாட்டிமாரை இகழாத வண்ணம் சொல்லவேண்டும். இகழ்ந்தால் பாடம் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் போகாது.

மற்றொரு குறிப்பையும் தாங்கள் நினைவிற் கொள்ளவேண்டும். காளான் உண்டபின் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் கண்டால், அது துன்பமானதே ஆயினும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் வகை. புல்வெளிகளிலும் வீட்டு முற்றங்களிலும் மழைக்குப் பின் தோன்றும் குளோரோபில்லம் என்ற பெரிய வெண்காளான் இவ்வகையைச் சார்ந்தது. அதன் தொப்பியில் பழுப்புநிறச் செதில்கள் இருக்கும். முதிர்ந்தபின் அடியிலுள்ள மடிப்புகள் பச்சையாக மாறும். ஆனால் உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் யாதொன்றும் இன்றி, பிறகு வயிற்றுப்போக்குத் தொடங்குமாயின் அதுவே பயங்கரமானது. அவ்வயிற்றுப்போக்கு ஒரு நாளில் நின்று நோயாளி தேறியவர் போல் எழுந்து உட்காருவார். வீட்டார் ஆறுதல் அடைவர். அந்நேரத்தில்தான் நஞ்சு கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும். இவ்விடைவேளையை நம்பி வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்தவர்கள் பலர் உயிரிழந்திருக்கின்றனர். ஆதலின் சந்தேகம் எழுந்த உடனே 108 வண்டியை அழைத்து, மிஞ்சிய காளான் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து உடன் கொண்டுசெல்லும்படி ஊராருக்குச் சொல்லுங்கள். எப்பொழுது உண்டனர், எப்பொழுது வாந்தி கண்டது என்ற இரண்டு நேரங்களையும் குறித்து வைத்தியரிடம் கொடுத்தால் அது அவருக்குப் பேருதவியாகும்.

அபாயத்தைச் சொல்லியாயிற்று. அதோடு நிறுத்தினால் குழந்தைகள் மனத்தில் காளான் என்பது பாம்பு தேளைப் போன்ற ஒரு வஸ்துவாக நின்றுவிடும். கண்ட இடமெல்லாம் மிதித்து அழிப்பர். அப்படி நேர்ந்தால் நாம் கற்பித்தது அரைப்பாடமே. காடு காடாக இருப்பதற்குக் காளான் ஒரு முக்கிய காரணம் என்பதைச் சொல்லவேண்டியது மீதிப்பாதி. இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. மழை பெய்த மறுவாரம் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு காட்டின் ஓரம் வரை போனால் போதும்.

முதலில் உளுத்துப்போன ஒரு விறகுக்கட்டையையோ ஈரச் சருகுக் குவியலையோ மெல்லப் புரட்டச் சொல்லுங்கள். அடியில் வெள்ளை நூல் போலவும் சிலந்திவலை போலவும் ஒன்று படர்ந்திருக்கும். அதுதான் காளானின் உடம்பு. பூஞ்சையிழை என்று அதற்குப் பெயர். மேலே நாம் காணும் குடை அதன் கனி மாத்திரமே. மாமரம் முழுவதும் மண்ணுக்குள் மறைந்திருந்து மாம்பழம் மட்டும் தரைக்குமேல் தலைகாட்டினால் எப்படியோ அப்படியே இதுவும். பல மாதங்களாக இருளில் உழைத்துச் சேர்த்த உணவைக் கொண்டு, மழை கண்டவுடன் இரண்டொரு நாளில் அது குடை விரிக்கிறது. ஒரே இரவில் முளைத்தது என்று நாம் பழமொழி கூறுவது நம் கண்ணுக்குத் தெரிந்த பகுதியை மட்டும் வைத்துத்தான். அமெரிக்க நாட்டில் ஆரிகன் மாகாணத்து மலைக்காடு ஒன்றில் ஒரே பூஞ்சையின் உடம்பு ஏறக்குறைய 2,400 ஏக்கர் பரப்பில் மண்ணுக்குள் பரவியிருப்பதாக அளந்திருக்கின்றனர். அதன் வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கணிக்கின்றனர். தங்கள் ஊர் எல்லை முழுவதையும் ஒரே ஜீவன் நிரப்பிக் கிடப்பதாகச் சொன்னால் குழந்தைகள் வாய் பிளந்து கேட்பர்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வர். குழந்தைகள் இதனைக் கட்டாயம் கேட்பார்கள். இடியோடு வரும் மழையே அதற்கு முதற்காரணம். ஆனால் இச்சொல்லை முழு மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஜப்பானில் காளான் வளரும் கட்டைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்து விளைச்சல் கூடக் கண்டிருக்கின்றனர்.

காளான் செடியா பிராணியா என்பது அடுத்த கேள்வி. பழைய பாடப்புத்தகங்கள் அதனைத் தாவரமென்றே கூறின. 1969-ம் ஆண்டில் விட்டேக்கர் என்ற அமெரிக்க சாஸ்திரி ஜீவராசிகளை ஐந்து ராஜ்யங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி ராஜ்யம் கொடுத்தார். அவற்றுக்குப் பச்சையம் இல்லை; ஆதலால் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்கமாட்டா. அவற்றின் உடற்சுவரில் இருப்பது வண்டின் ஓட்டிலும் நண்டின் ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற பொருள். பரம்பரையை ஆராய்ந்தால் பூஞ்சைகள் செடிகளைவிடப் பிராணிகளுக்கே நெருங்கிய உறவினர். நாம் உணவை வயிற்றுக்குள் போட்டு ஜீரணிக்கிறோம். பூஞ்சையோ ஜீரண நீரை வெளியே கசியவிட்டுக் கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளுகிறது.

இனி, வகுப்பறையில் செய்யத்தக்க ஒரு சோதனை. முதிர்ந்து விரிந்த ஒரு காளானின் தண்டை நீக்கிவிட்டு, தொப்பியை மடிப்புகள் கீழே படும்படி ஒரு காகிதத்தின்மேல் வையுங்கள். காகிதத்தில் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருக்கட்டும். தூளின் நிறம் எதுவாயினும் ஒரு பக்கத்திலேனும் தெரியும். காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள் போலக் காகிதத்தில் ஒரு கோலம் விழுந்திருக்கும். அக்கோலப்பொடி முழுவதும் காளானின் வித்துத் தூள். ஒரு வித்து தனியே கண்ணுக்குத் தெரியாது. நல்ல காளான் ஒன்று வாழ்நாளில் கோடிக்கணக்கான வித்துக்களை உதிர்க்கும். குளோரோபில்லத்தின் கோலம் பச்சை, அமானிட்டாவின் கோலம் வெள்ளை, புற்றுக்காளானின் கோலம் இளஞ்சிவப்பு. நிறம் பொருந்திவிட்டால் உண்ணலாம் என்று எவரும் எண்ணிவிடாதபடி எச்சரிக்கை செய்யுங்கள்; இளஞ்சிவப்புத் தூளுடைய நச்சுக்காளான்களும் உண்டு. கோலம் போடப் பழகிய நம் சிறுமியர்க்கு இச்சோதனையில் உண்டாகும் உற்சாகத்தைச் சொல்லி முடியாது.

காட்டிலே ஆண்டுதோறும் விழும் சருகையும் முறியும் கிளையையும் சாயும் மரத்தையும் யார் அப்புறப்படுத்துகிறார்கள் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். மண் தின்றுவிடும் என்பர் சிலர். கறையான் என்பர் சிலர். இரண்டும் ஓரளவு சரியே. மரத்திலே லிக்னின் என்ற கடினமான பொருள் ஒன்றிருக்கிறது. மரத்துக்கு உறுதியைக் கொடுப்பது அது. அதனைச் சிதைத்துக் கரைக்கும் ஆற்றல் மிக்க ஜீவராசிகள் பூஞ்சைகளே. உளுத்த கட்டைகளில் இரண்டு விதங்களைப் பிள்ளைகளே பொறுக்கிவரலாம். ஒன்று வெளுத்து நார் நாராய்ப் பிரியும். அதிலே பூஞ்சை லிக்னினையும் தின்றிருக்கிறது. மற்றொன்று பழுப்பு நிறமாய்ச் சிறு சிறு கட்டங்களாக வெடித்து விரலால் நசுக்கப் பொடியாகும்; அதிலே பூஞ்சை மற்றவற்றைத் தின்று லிக்னினை மிச்சம் வைத்திருக்கிறது. இவ்வாறு சிதைந்ததனால் வெளிப்படும் சத்துக்களே மறுபடியும் மரங்களுக்கு எருவாகின்றன. மரக்கட்டை உளுக்காமலே கிடந்தால் காட்டின் செல்வம் முழுவதும் பூட்டிய பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும்.

உயிருள்ள பெருமரத்தின் அடியிலும் தண்டிலும் தட்டுத் தட்டாய் நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டிக் காளான்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மரத்தின் வைரம் உள்ளே உளுத்து வருகிறது என்பதற்கு அது அடையாளம். மரவியாபாரிக்கு அது நஷ்டம்; காட்டுக்கு அப்படியன்று. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் இருவாட்சிப் பறவை தானாக மரத்தைக் குடைந்து கூடு அமைக்க வல்லதன்று. கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை புகுந்து உளுக்கச் செய்த பொந்துகளையே அது தேடிப் பிடிக்கிறது. பெட்டை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சேவல் ஒரு சிறு சந்தின் வழியே அத்திப்பழமும் பிற கனிகளும் ஊட்டும். அப்பறவை தின்று கக்கும் கொட்டைகள் காடெங்கும் விழுந்து முளைக்கின்றன. உளுத்த மரத்தை உதவாத மரம் என்று வெட்டிவிட்டால் எத்தனை குடிகள் வீடிழக்கும் என்பதைப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லலாம். ஆந்தை, மலைத்தேனீ அல்லாத பொந்துத்தேனீ, அணில் எனப் பட்டியல் தானே நீளும்.

புற்றுக்காளானைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட இனிய பாடம் வேறில்லை. கறையான் புற்றின் மேலும் அதனைச் சுற்றியும் மழைக்குப் பின் இக்காளான் கூட்டங் கூட்டமாய் வெளிப்படும். தண்டைப் பிடித்து இழுத்தால் முறியும்; மண்ணைப் பறித்துக்கொண்டே போனால் தண்டு வேர் போல் மெலிந்து ஆழத்தில் இறங்கிக்கொண்டேயிருக்கும். அது சென்று முடியும் இடம் கறையானின் தோட்டம். கறையான் காய்ந்த இலையையும் சுள்ளியையும் தின்று, தன் எச்சத்தைக் கொண்டு கடற்பஞ்சு போன்ற ஓர் அடையைக் கட்டுகிறது. அவ்வடையில் பூஞ்சை வளர்கிறது. தன்னால் செரிக்க இயலாததைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்க, அடையில் கசகசா விதைபோல் தோன்றும் வெண்முத்துக்களையும் பழைய அடையையும் கறையான் தின்று பிழைக்கிறது. புற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் பூஞ்சைக்கு ஏற்ற நிலையில் அது காத்துவருகிறது. மனிதன் பயிர்த்தொழிலைக் கற்றுப் பதினாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேலாகியிருக்கலாம். கறையானோ ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளாக இவ்வேளாண்மையைச் செய்துவருகிறது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. இவ்வினத்துக்கு டெர்மிடோமைசிஸ் என்று 1942-ம் ஆண்டில் பிரெஞ்சு சாஸ்திரி ரோஜே ஹைம் பெயரிட்டார். தென்னிந்தியாவில் கண்ட ஒரு வகைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன் அவர்கள் 1979-ல் அந்த ஹைம் பெயரையே சூட்டி வெளியிட்டார். சிறுபாணாற்றுப்படையிலோ, வறுமையுற்ற ஒரு வீட்டின் அடுக்களையில், கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியிலே காளான் பூத்திருந்ததைப் புலவர் கூறியிருக்கிறார். புலவர் கண்ட காளான் இன்ன வகை என்று துணிய நான் முற்படவில்லை. கறையானையும் காளானையும் ஒருங்கே நோக்கிய அக்கண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் தமிழ்ப்பாடமும் இயற்கைப்பாடமும் ஒரே மணியில் முடியும்.

புற்றை வெட்டிக் காட்டுகிறேன் என்று எவரும் புறப்படவேண்டாம். புற்றுக்குப் பால் வார்த்து மஞ்சள் பூசி வழிபடும் ஊர்களில் அது மனவருத்தத்தை உண்டாக்கும். மேலும் புற்றுக்குள் இருப்பது கறையான் மட்டுமன்று என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாலை போடவும் வீடு கட்டவும் மண்வெட்டும் இடங்களில் உடைந்த புற்றின் அடை கிடைக்கும். அதனைக் கொணர்ந்து காட்டினால் போதும்.

மரத்தின் வேரோடு கூடிவாழும் பூஞ்சைகளும் உண்டு. இதனைக் கண்டறிந்த கதை வேடிக்கையானது. ஜெர்மனியில் ப்ருஷ்ய அரசாங்கத்தார், மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த கிழங்குக்காளானைப் பயிராக்க வழி தேடும்படி ஃப்ராங்க் என்ற தாவர சாஸ்திரியை ஏவினர். அவரால் அதனைப் பயிராக்க இயலவில்லை. ஆனால் மரங்களின் வேர்நுனிகள் முற்றும் பூஞ்சையால் போர்த்தப்பட்டிருப்பதைக் கண்டார். இது நோயன்று, இருவர்க்கும் நன்மை தரும் கூட்டு என்று துணிந்து, 1885-ம் ஆண்டில் அதற்கு மைக்கோரைசா, அதாவது பூஞ்சைவேர், என்று பெயரிட்டார். பூஞ்சை தன் மெல்லிய இழைகளால் வேர் எட்டாத இடங்களிலிருந்து நீரையும் பாஸ்பரஸ் முதலிய உப்புக்களையும் கொணர்ந்து கொடுக்கிறது. மரம் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கிறது. நிலத்துச் செடிகளில் பெரும்பகுதி இத்தகைய கூட்டுறவில் வாழ்வன. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊர்ப் பாறைகளில் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகளின் உடலுக்குள்ளேயே பூஞ்சை இருப்பது தெரிகிறது.

எல்லா மரத்துக் கூட்டாளியும் குடை விரிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். தேக்கின் வேரில் வாழும் பூஞ்சை மண்ணுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அதற்குக் காளான் இல்லை. குங்கிலிய மர வகைகளுக்கும் வடக்கே சால மரத்துக்கும் உரிய பூஞ்சைகளில் பல காளானாய் வெளிப்படும். சாலக்காடுகளில் மழைத் தொடக்கத்தில் மண்ணுக்குள் விளையும் உருண்டைக் காளானை ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதி மலைஜனங்கள் தோண்டியெடுத்துச் சந்தையில் நல்ல விலைக்கு விற்கின்றனர். சாலமரம் போனால் அவர்களுடைய அவ்வருமானமும் போய்விடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிறநாட்டிலிருந்து கொணர்ந்து வைத்த பைன் மரத்தோப்புகளில் சிவப்புத் தொப்பியில் வெண்புள்ளிகள் உடைய ஒரு காளானைக் காணலாம். குழந்தைகளின் கதைப்புத்தகப் படங்களில் வருவது அதுவே. அம்மரங்களோடு வேரில் ஒட்டிக் கடல் கடந்து வந்தது அது, அழகாயினும் நஞ்சுடையது.

இக்கூட்டுறவு இல்லையாயின் நேர்வது என்ன என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோ தீவு சாட்சி. அங்கே இயற்கையில் பைன் மரம் கிடையாது. பல ஆண்டுகளாகப் பைன் விதைகளை விதைத்தும் நாற்றுக்கள் மஞ்சளித்து மாண்டன. 1950-களில் அமெரிக்கப் பெருநிலத்துப் பைன் காட்டு மண்ணைச் சிறிதளவு கொணர்ந்து நாற்றங்காலில் இட்டபின்பே நாற்றுக்கள் பச்சைபிடித்து வளர்ந்தன. அம்மண்ணில் இருந்த பூஞ்சைதான் அந்த மாற்றத்தைச் செய்தது. தங்கள் பாடசாலையில் மரநாற்று வளர்ப்பவர்கள் அதே ஜாதி மரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தொட்டியில் கலப்பது பயன் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1997-ம் ஆண்டில் சுசான் சிமார்ட் என்ற அம்மையார் ஒரு மரத்தின் கரிச்சத்து மற்றொரு மரத்துக்குச் செல்வதைக் காட்டியது முதல், மரங்கள் பூஞ்சையிழை வழியாய் ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய்மரம் சேய்மரத்துக்குப் பாலூட்டுகிறது என்றெல்லாம் புத்தகங்களிலும் சலனப்படங்களிலும் பரவிவிட்டது. 2023-ம் ஆண்டில் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹுக்ஸெமா என்ற மூவர் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி, காட்டில் இவ்வாறு நிகழ்வதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை என்று எழுதினர். வேரும் பூஞ்சையும் கொடுத்து வாங்குவது ஐயமற்ற உண்மை. மரங்கள் பேசுவது இன்னும் உறுதிப்படவில்லை. கதை இனிமையாக இருக்கிறது என்பதற்காகக் குழந்தைக்குச் சொல்லிவிட்டால், பின்னால் அதனை அழிப்பது கரும்பலகையை அழிப்பது போல் எளிதாயிராது.

மேற்கூறியவற்றை நம் ஊர்க் காரியத்தோடு பொருத்திக் காட்டவேண்டிய இடம் சருகு. கோடையில் காட்டோரத்துச் சருகுக்குத் தீ வைப்பதால் புது மழைக்குப் புல் செழிக்கும் என்று ஆடு மாடு வைத்திருப்போர் எண்ணுகின்றனர். அத்தீயில் மேல்மண்ணிலுள்ள பூஞ்சையிழையும் அதன் உணவாகிய சருகும் சேர்ந்தே போகின்றன. இதனை உபதேசமாகச் சொல்வதைவிடச் சோதனையாய்க் காட்டுவதே மேல். இரண்டு மண்தொட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காட்டு மண்ணும் ஈரச்சருகும் இடுங்கள். மற்றொன்றில் அதே மண்ணைச் சட்டியிலிட்டு நன்கு வறுத்தும், அதே சருகைக் கொதிநீரில் வேகவைத்தும் இடுங்கள். இரண்டுக்கும் ஆறிய வெந்நீரே தெளித்து, துணியால் மூடி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் வேற்றுமை கண்கூடாகத் தெரியும். வறுத்ததில் பூஞ்சை மட்டுமன்றிப் பாக்டீரியா முதலிய மற்றச் சிற்றுயிர்களும் மாண்டிருக்கும் என்பதையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காளானை அறிந்த முதியவர்கள், ஆணோ பெண்ணோ, தங்கள் ஊரில் ஒருவரேனும் இருப்பர். மலைஜாதியார் குடியிருப்புகளில் நிச்சயம் இருப்பர். எம்மாதத்தில் எப்புற்றில் எக்காளான் தோன்றும், எதனை அவர்கள் தொடமாட்டார்கள், எப்பெயரால் அழைப்பர் என்பவற்றை ஒரு நாள் பாடசாலைக்கு அவர்களை அழைத்துப் பிள்ளைகள் முன் சொல்லச் செய்யுங்கள். பிள்ளைகள் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். உண்ணும் அறிவு அவர்களிடமே இருக்கட்டும். பெயரும் காலமும் இடமும் நம் புத்தகத்தில் ஏறட்டும். இப்பெயர்களில் பல எந்த அகராதியிலும் இல்லை. அவற்றைச் சொல்லும் முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

பாடசாலையிலேயே காளான் வளர்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கின்றனர். தாராளமாய் வளர்க்கலாம். இம்மாகாணத்துக்கு இது புதிதன்று. 1940-களிலேயே கோயம்புத்தூரில் வைக்கோற்காளானை வளர்த்துக் காட்டினர். பின்னர் அவ்வூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நம் வெப்பத்துக்கு ஏற்ற பால்காளானைப் பரப்பினர். தொடக்கத்துக்குச் சிப்பிக்காளான் எளிது. நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் உலர்த்தி, பையில் அடுக்கடுக்காய் வித்துத் தூவிக் கட்டி இருட்டறையில் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுதும் வெண்மையாகும். காட்டுக் கட்டையின் அடியில் கண்ட அதே வெண்ணூலைப் பிள்ளைகள் இங்கே அடையாளம் கண்டுகொள்வர். புற்றுக்காளானை இவ்வாறு வளர்க்க முயலவேண்டாம். அதற்குக் கறையானே வேண்டும். அறுவடையின்போது வெளிப்படும் வித்துத் தூள் சிலருக்கு இருமலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். ஆதலால் காசமுள்ள பிள்ளைகளை அவ்வறைக்குள் விடாமல், தொப்பி முழுதும் விரியுமுன்பே பறித்துவிடுங்கள்.

பை கட்டும் நாளில் உலர்ந்த வைக்கோலின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அறுவடையும் முடிந்தபின் மிஞ்சிய வைக்கோலை வெயிலில் காயவைத்து மறுபடியும் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த எடை எங்கே போயிற்று என்பதைப் பிள்ளைகள் தாமே ஆராயட்டும். மிச்சத்தைப் பாடசாலைத் தோட்டத்து முருங்கைக்கும் வாழைக்கும் எருவாகப் போடலாம். வித்துப் புட்டி வாங்கும்போது அதன்மேல் ஒட்டிய தேதியைப் பார்த்து வாங்குங்கள். பச்சையோ கறுப்போ படர்ந்திருந்தால் வாங்கவேண்டாம். இவ்விஷயமாகத் தங்களுக்குள்ள சந்தேகங்களை இப்பொழுது கேட்கலாம்.